மன்ரோ கோட்டையில் ஒரு வக்கீல்

1861 மே 23, வியாழக்கிழமை இரவு. வர்ஜீனியாவின் சீவெல்ஸ் முனையில், அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் பிரிவினைப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த மூன்று பேர், ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டு ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பைக் கடந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். மூவரும் அடிமைகள். சார்லஸ் மாலரி என்ற கர்னலின் உடைமை என்று சட்டம் அவர்களை வகைப்படுத்தியிருந்தது. கர்னல் தங்களைத் தெற்கே கரோலினாவுக்கு அனுப்பி அங்கேயும் அரண் கட்ட வைக்கப்போகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போனால் குடும்பத்தை மறுபடி பார்ப்போமா என்பது நிச்சயமில்லை. எதிர்க்கரையில் மன்ரோ கோட்டை இருந்தது. வர்ஜீனியா மண்ணில் இருந்தாலும் அது வாஷிங்டன் அரசின் கையில் இருந்தது. அங்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

அன்று பகலில்தான் வர்ஜீனியாவின் வாக்காளர்கள் அமெரிக்காவிலிருந்து பிரிவதற்கு ஒப்புதல் அளித்து வாக்களித்திருந்தார்கள். கோட்டைக்குப் புதிய தளபதி வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவர் பெயர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்லர். மாசசூசெட்ஸ் மாநிலத்து வக்கீல். ராணுவப் பள்ளியில் படித்தவர் அல்லர். அரசியல் செல்வாக்கால் தளபதியானவர். வழுக்கைத் தலை, பருத்த உடல், மாறுகண். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதியவர்களில் பாதிப் பேர் இவரைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நம் பள்ளிப் புத்தகங்களில் அடிமை ஒழிப்பு என்றால் ஆபிரகாம் லிங்கன். 1863 ஜனவரி 1ஆம் தேதி அவர் கையெழுத்திட்டார், அடிமைகள் விடுதலை பெற்றார்கள். இந்த ஒற்றை வரியோடு நம்மில் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறோம். அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கும் முன்னால், எந்தப் பிரகடனமும் இல்லாமல், படகில் வந்த மூன்று பேரும் ஒரு வக்கீலின் வாதத் திறமையும் சேர்ந்து அந்தக் கதவை முதலில் நெம்பித் திறந்த விதம் எனக்கு அதைவிடப் பெரிய பாடமாகப் படுகிறது. அந்த வக்கீல் அன்றைக்கு அடிமை முறைக்கு எதிரானவராகக்கூட இருக்கவில்லை. அதனால்தான் இவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பட்லர் 1818 நவம்பர் 5 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டீர்ஃபீல்டு கிராமத்தில் பிறந்தார். தந்தை கடலோடி. மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கரீபியன் பக்கம் போன இடத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார். தாய் ஷார்லட், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லோவல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அமெரிக்காவின் பருத்தி ஆலைகள் கொடிகட்டிப் பறந்த ஊர் அது. ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குவதற்கான விடுதி ஒன்றை நடத்தி அந்தத் தாய் குடும்பத்தைக் காப்பாற்றினார். விடியுமுன் மணி அடித்ததும் எழுந்து ஓடி, இருட்டிய பின் களைத்துத் திரும்பும் இளம்பெண்களின் நடுவில்தான் பட்லர் வளர்ந்தார். மகன் மதபோதகராக வேண்டும் என்பது தாயின் ஆசை. மகனுக்கோ ராணுவப் பள்ளியில் சேர ஆசை. இரண்டும் நடக்கவில்லை. மெய்ன் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் 1838இல் பட்டம் பெற்று, 1840இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

லோவலில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்த கதை ஒன்று உண்டு. ஆலைக்காரர்கள் ஒரு பெண்ணுக்குக் கூலி பாக்கி வைத்திருந்தார்கள். வழக்குப் போட்ட பட்லர், ஆலை முழுவதையும் ஓட்டும் நீர்ச்சக்கரத்தையே ஜப்தி செய்ய உத்தரவு வாங்கிவந்துவிட்டார். சக்கரம் நின்றால் ஆலை நின்றுவிடும். கூலி உடனே கைக்கு வந்தது. நடந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, அவருடைய வழக்காடும் முறைக்கு இதைவிடச் சரியான கதை கிடையாது. எதிராளி எதன் மேல் நிற்கிறானோ அதிலேயே கைவைப்பது.

வேலை நேரம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாகக் குறைக்கப்பட வேண்டும் என்ற இயக்கத்தில் அவர் முன்வரிசையில் நின்றார். 1851 தேர்தலின்போது, பட்லரின் பத்து மணி நேர அணிக்கு வாக்களிப்பவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று ஒரு ஆலையின் வாசலிலேயே அறிவிப்பு ஒட்டினார்கள். ரகசிய வாக்கெடுப்பு இல்லாத காலம் அது. யார் யாருக்கு வாக்களித்தார் என்று கங்காணிக்குத் தெரிந்துவிடும். ஆலை முதலாளிகளுக்கு அன்று தொடங்கிய வெறுப்பு பட்லரின் சாவு வரை குறையவில்லை.

ஆனால் இதே மனிதர் ஜனநாயகக் கட்சிக்காரர். அந்தக் காலத்தில் அந்தக் கட்சி தெற்கத்திய அடிமை எஜமானர்களின் கோட்டை. 1860இல் சார்ல்ஸ்டன் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளராக பட்லர் சுற்றுச் சுற்றாக யாருக்கு வாக்களித்தார் தெரியுமா? ஜெஃபர்சன் டேவிஸுக்கு. அடுத்த ஆண்டே பிரிவினைத் தெற்கின் தலைவராகப் பதவியேற்ற அதே டேவிஸுக்கு. லோவல் பெண்களின் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர உழைப்பு கண்ணில் பட்ட மனிதருக்கு, அந்த ஆலைகளுக்கு வந்து இறங்கிய பஞ்சு மூட்டைக்குப் பின்னால் இருந்த உழைப்பு கண்ணில் படவில்லை. இதை மன்னித்துக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பட்லரின் வாழ்க்கையைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

போர் மூண்டதும் மாசசூசெட்ஸ் மாநிலப் படையின் பிரிகேடியர் என்ற முறையில் புறப்பட்டார். பால்டிமோர் நகரில் கலவரம் நடந்து தலைநகருக்கான ரயில் பாதை துண்டிக்கப்பட்டிருந்தது. பட்லர் கடல் வழியாகச் சுற்றி மேரிலாண்டின் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, கொட்டகையில் ஒரு ரயில் எஞ்சின் உடைந்து கிடந்தது. இதை ஓட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டபோது, வரிசையிலிருந்து ஒரு சிப்பாய் வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எங்கள் பட்டறையில் செய்தது, என்னால் சரிசெய்ய முடியும் என்றார். சரிசெய்தும் விட்டார். ஆலைத் தொழிலாளர்களும் கம்மியர்களும் நிறைந்த அந்தப் படை தண்டவாளத்தை மறுபடி போட்டு வாஷிங்டனுக்கு வழி திறந்தது.

அதே அன்னாபொலிஸில் அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த வட்டாரத்து அடிமைகள் கிளர்ச்சி செய்யப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. பட்லர் மேரிலாண்டு ஆளுநர் ஹிக்ஸுக்குக் கடிதம் எழுதினார்: அப்படி எதுவும் நடந்தால் அதை அடக்க என் படையைத் தருகிறேன். மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆண்ட்ரூ இதைக் கேள்விப்பட்டு பட்லரைக் கண்டித்து எழுதினார். இது 1861 ஏப்ரல் பிற்பகுதி. மன்ரோ கோட்டைக்குப் படகு வந்து சேர இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

மே 24, வெள்ளிக்கிழமை காலை. தப்பிவந்த மூவரையும் பட்லர் தனித்தனியாக விசாரித்தார். என்ன வேலை செய்தீர்கள், எங்கே, எத்தனை பீரங்கிகள் என்று கேட்டார். சட்டப்படி அவர் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. எந்த மாநிலத்திலிருந்து தப்பி வந்தாலும் எஜமான் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லிங்கனும் பதவியேற்பு உரையிலேயே, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தனக்கு இல்லை என்று சொல்லியிருந்தார். மற்றக் கோட்டைகளில் தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் தளபதிகள் திருப்பி அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள்.

வெள்ளைக் கொடியோடு எதிர்த்தரப்பிலிருந்து மேஜர் ஜான் கேரி வந்தார். முந்தைய ஆண்டுக் கட்சி மாநாட்டில் பட்லருக்கு அறிமுகமானவர். கர்னல் மாலரியின் முகவராக வந்திருக்கிறேன், அந்த மூன்று நீக்ரோக்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். வைத்துக்கொள்ளப்போகிறேன் என்றார் பட்லர். அப்படியானால் அரசியல் சட்டப்படியான உங்கள் கடமை என்று கேரி ஆரம்பித்ததும், வக்கீல் காத்துக்கொண்டிருந்த இடம் வந்துவிட்டது. பட்லர் பிற்காலத்தில் எழுதியபடி அந்த உரையாடலின் சாரம் இது. அயல்நாட்டுக்கு எனக்கு அரசியல் சட்டக் கடமை எதுவும் கிடையாது, வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று நேற்று அறிவித்துக்கொண்டுவிட்டது. கேரி விடவில்லை: நாங்கள் பிரிய முடியாது என்பதுதானே உங்கள் வாதம், அப்படியானால் நீங்கள் அவர்களைப் பிடித்து வைக்க முடியாதே? பட்லர்: பிரிந்துவிட்டோம் என்பது உங்கள் வாதம், அப்படியானால் நீங்கள் அவர்களைக் கேட்க முடியாதே? அதோடு, இவர்கள் உங்கள் பீரங்கி மேடையைக் கட்டினார்கள், இவர்களை உங்கள் சொத்து என்கிறீர்கள். போரில் எதிரிக்குப் பயன்படும் சொத்தைப் பறிமுதல் செய்ய எனக்கு உரிமை உண்டு.

'காண்ட்ராபேண்ட்' என்று சர்வதேசச் சட்டத்தில் சொல்வார்கள். துப்பாக்கி, வெடிமருந்து, எதிரிக்குப் போகும் சரக்கு. மனிதர்களைப் பொருள் என்று நூற்றாண்டுகளாகச் சாதித்துவந்த எஜமானர்களின் சொந்த வாதத்தைப் பிடித்து, பொருள் என்றால் பறிமுதல் செய்யலாமே என்று திருப்பிவிட்டார். ஆலையின் நீர்ச்சக்கரத்தை ஜப்தி செய்த அதே மூளை.

கர்னல் மாலரியே கோட்டைக்கு வந்து அமெரிக்க அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் மூவரையும் திருப்பித் தந்துவிடுவதாகவும் பட்லர் அன்று சொன்னார். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கர்னல் வரவில்லை. ஒருவேளை வந்திருந்தால்? பேக்கர், டவுன்செண்ட், ஷெப்பர்ட் மாலரி ஆகியோரின் வாழ்க்கை, எஜமானின் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாதம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் அறம் இன்னும் அதற்குள் வந்து சேரவில்லை.

அறத்தை உள்ளே கொண்டுவந்தவர்கள், செய்தி கேட்டுப் பின்னால் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர். திங்கட்கிழமை நாற்பதுக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள். பட்லரின் வாதம் இப்போது அவருக்கே சிக்கலானது. பீரங்கி மேடை கட்டிய ஆணைப் போர்த் தளவாடம் என்று சொல்லலாம். அவனுடைய மூன்று வயது மகளை என்னவென்று சொல்வது? மே 27 அன்று மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்டார். தந்தையின் உழைப்பையும் தாயின் உழைப்பையும் ஏற்றுக்கொண்டு குழந்தைகளைத் திருப்பி அனுப்ப முடியுமா? மனிதாபிமானக் கோணத்தில் தனக்கு ஐயமே இல்லை என்றும், அரசியல் கோணத்தைத் தீர்மானிக்கத் தனக்கு உரிமை இல்லை என்றும் எழுதினார். அதே கடிதத்தில், வந்திருப்பவர்களின் மதிப்பு நல்ல காலத்தில் 60,000 டாலர் இருக்கும் என்ற கணக்கும் இருக்கிறது. ஒரே தாளில் குழந்தைகளுக்கான மனிதாபிமானமும் தலைக்கு விலை போட்ட கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கையில், ஒரு மனம் மாறும் வேளையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல இருக்கிறது.

மே 30 அன்று லிங்கனின் அமைச்சரவை பட்லரின் செயலை ஏற்றுக்கொண்டது. ஜூலை 30 அன்று போர் அமைச்சர் கேமரனுக்கு பட்லர் எழுதிய கடிதம், என் கணக்கில் அவர் வாழ்க்கையிலேயே மிக நல்ல எழுத்து. 900 பேர் தன்னிடம் வந்திருக்கிறார்கள் என்று தொடங்கிப் பிரித்துச் சொல்கிறார். திடமான ஆண்கள் 300, உழைக்கும் வயதைக் கடந்த ஆண்கள் 30, பெண்கள் 175, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் 225, பத்திலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் 170. பின் கேள்விகள்: இவர்கள் அடிமைகளா? சுதந்திரமானவர்களா? இவர்கள் நிலை மனிதர்களின் நிலையா, சொத்தின் நிலையா, இரண்டும் கலந்ததா? சொத்து என்றே வைத்துக்கொண்டாலும், எஜமான் கைவிட்டு ஓடிவிட்ட சொத்து இது, காப்பாற்றிய நாங்கள் அதை வைத்துக்கொள்ளப்போவதில்லை, எனவே இங்கே சொத்துரிமையே மிச்சமில்லை, ஆகவே இவர்கள் மனிதர்களின் நிலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று படிப்படியாகக் கொண்டுபோகிறார். மே மாதம் சொத்து என்று தொடங்கிய அதே வாதம் ஜூலையில் மனிதர் என்று வந்து நிற்கிறது. நடுவே இருந்தது அறுபத்துச் சொச்சம் நாட்களும், அவர் கண் முன்னால் நடமாடிய 225 குழந்தைகளும்.

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 6 அன்று, நாடாளுமன்றம் முதல் பறிமுதல் சட்டத்தை நிறைவேற்றியது. கலகத்துக்காக வேலை வாங்கப்பட்ட அடிமைகள் மேல் எஜமானுக்கு உரிமை இல்லை என்று அது சொன்னது. மறுநாள் இரவு பிரிவினைப் படையினர் பக்கத்து ஊரான ஹாம்ப்டனைத் தாங்களே தீவைத்து எரித்துவிட்டார்கள். தப்பிவந்தவர்கள் அங்கே தங்குவதற்கு இடம் இருக்கக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அவர்களோ நின்றிருந்த புகைபோக்கிகளைச் சுற்றிக் கிடைத்த பலகைகளை அடித்து அங்கேயே குடிசை போட்டார்கள். மேரி பீக் என்ற ஆசிரியை ஓர் ஓக் மரத்தடியில் அவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை வர்ஜீனியாவின் சட்டம் தடை செய்திருந்தது. அந்த மரம் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மன்ரோ கோட்டை இருக்கும் நிலமுனைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1619இல் ஆங்கிலேய வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்த கப்பல் நங்கூரமிட்ட இடம் அதுதான்.

பட்லரின் போர்த் திறமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது மிகக் குறைவு. 1861 ஜூனில் பிக் பெத்தல் என்ற இடத்தில் அவர் அனுப்பிய படைகள் இருட்டில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு, பிறகு எதிரியிடமும் தோற்றன. 1864இல் பிரிவினைத் தெற்கின் தலைநகரான ரிச்மண்டை நெருங்கப் போய் பெர்முடா ஹண்ட்ரட் என்ற ஆற்று மடக்கில் அடைபட்டுக் கிடந்தார். அந்த ஆண்டு இறுதியில் ஃபிஷர் கோட்டையைத் தகர்க்க ஒரு கப்பல் நிறைய வெடிமருந்தை ஏற்றி வெடிக்கவைத்தார். கோட்டைக்கு ஒரு கீறலும் விழவில்லை. வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார். அதில் தவறு இல்லை. அவர் முடிவுகளால் செத்தவர்கள் உண்மையான மனிதர்கள்.

நியூ ஆர்லியன்ஸ் கதை இவ்வளவு எளிதாக முடியாது. 1862 மே முதல் டிசம்பர் வரை அந்த நகரை அவர் ஆண்டார். நகரம் சரணடைவதற்கு முன்பே நாணயச்சாலை மேல் பறந்த அமெரிக்கக் கொடியைக் கிழித்து இறக்கிய வில்லியம் மம்ஃபோர்டை, அதே நாணயச்சாலை முன்பாகத் தூக்கிலிட்டார். தன் சிப்பாய்களை அவமதிக்கும் பெண்களை விலைமாதர்களாகக் கருதி நடத்தலாம் என்று மே 15 அன்று 28ஆம் எண் உத்தரவை வெளியிட்டார். லண்டன் நாடாளுமன்றம் வரை கொதித்தது. அந்த உத்தரவால் யாரும் தாக்கப்படவில்லை, அவமதிப்பு நின்றது என்று பட்லர் கடைசி வரை வாதாடினார். இருக்கட்டும். ஆயுதம் தாங்கிய ராணுவம் ஒரு நகரத்துப் பெண்களிடம் அப்படிப் பேசுவதற்கு எந்த வக்கீலாலும் நியாயம் கற்பிக்க முடியாது. அவரைச் சுற்றி நடந்த ஊழலும் உண்மை: சொந்த அண்ணன் ஆண்ட்ரூ ராணுவத்தின் நிழலில் வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தார், பட்லர் அதைத் தடுக்கவில்லை. தெற்கில் அவரை 'மிருகம்' என்றும் 'ஸ்பூன்' திருடன் என்றும் அழைத்தார்கள். கழிகலத்தின் அடியில் அவர் படத்தைப் போட்டு விற்றார்கள். ஜெஃபர்சன் டேவிஸ் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து, பிடிபட்டால் உடனே தூக்கிலிட உத்தரவிட்டார்.

அதே மாதங்களில் அதே நகரத்தில் நடந்த மற்றதையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சல் ஆண்டுதோறும் அஞ்சப்படும் கொள்ளைநோய். 1853இல் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோனது. கொசுதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. பட்லர் வேலையில்லாத ஏழைகளைக் கூலிக்கு அமர்த்தி வாய்க்கால்களை வாரினார், தெருக்களைக் கழுவினார், நகருக்கு வெகு தூரம் முன்பே ஆற்றில் கப்பல்களை நிறுத்தித் தனிமைப்படுத்தினார். அந்தக் கோடையில் காய்ச்சலில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரிவினைக்கு நிதி கொடுத்த பணக்காரர்களின் பட்டியலை எடுத்து, அதே விகிதத்தில் அவர்களிடம் வசூலித்து, பசித்த குடும்பங்களுக்குச் சோறு போட்டார். நகரை வெறுப்பேற்றிய அதிகாரி நகரின் உயிரையும் காப்பாற்றினார் என்பதை லூசியானாவின் நினைவு இன்னும் ஏற்றுக்கொண்டபாடில்லை.

கறுப்பினத்தவர் கையில் துப்பாக்கி கொடுப்பதை முதலில் மறுத்தவரும் அவர்தான். தன் கீழிருந்த ஜெனரல் ஃபெல்ப்ஸ் அதற்கு அனுமதி கேட்டபோது, மரம் வெட்டும் வேலைக்கு அவர்களை வைத்துக்கொள் என்று பதில் எழுதினார். மனம் நொந்த ஃபெல்ப்ஸ் ராஜினாமா செய்தார். சில வாரங்களில் பட்லரே மனம் மாறி, நகரத்துச் சுதந்திரக் கறுப்பினத்தவரைக் கொண்ட 'நேட்டிவ் கார்ட்ஸ்' படைப்பிரிவை 1862 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்த்தார். அதன் கேப்டன்களும் கறுப்பினத்தவர்கள். எனக்கு ஃபெல்ப்ஸ் மேல்தான் மதிப்பு அதிகம். அவர் முன்பே கண்டுகொண்டார். ஆனால் படை உருவானது பட்லரின் கையெழுத்தில்.

1864 செப்டம்பர் 29, வர்ஜீனியாவின் நியூ மார்க்கெட் மேடு. கறுப்பினப் படைப்பிரிவுகளை பட்லர் முன்னணியில் அனுப்பினார். மரங்களை வெட்டிச் சாய்த்த தடைகளைக் கோடரியால் பிளந்துகொண்டு ஏறிப்போய் மேட்டைப் பிடித்தார்கள். அன்றைய வீரத்துக்காக 14 கறுப்பின வீரர்கள் நாட்டின் உயரிய வீரப்பதக்கம் பெற்றார்கள். அது போதாது என்று பட்லர் தன் சொந்தச் செலவில் வெள்ளிப் பதக்கம் அடித்துக் கொடுத்தார். போரிடும் கறுப்பின வீரர்கள் ஒரு கோட்டையைப் பிடிக்கும் காட்சி அதில் பொறிக்கப்பட்டிருந்தது. வாளால் விடுதலை அவர்களை வந்தடையும் என்று லத்தீன் வாசகம். பத்து ஆண்டுகள் கழித்து, 1874 ஜனவரியில், பொது இடங்களில் நிறபேதம் கூடாது என்ற சிவில் உரிமை மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் பேசும்போது அந்த மேட்டைத்தான் நினைவுகூர்ந்தார். கிடந்த உடல்கள் மேல் குளம்பு பட்டுவிடக் கூடாதே என்று குதிரையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி நடத்தியதைச் சொன்னார். அந்த முகங்களைப் பார்த்து, இவர்களின் உரிமையைக் கைவிட்டால் என் வலக்கை திறமையை மறக்கட்டும், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று சபதம் செய்துகொண்டதாகச் சொன்னார். முந்தைய நாள் அதே மசோதாவுக்காகத் தென் கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ராபர்ட் பிரவுன் எலியட் பேசியிருந்தார்.

அடிமைக் கிளர்ச்சியை அடக்கப் படை தருகிறேன் என்ற 1861 ஏப்ரல் கடிதத்தை இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மாற்றத்தைப் பதவி ஆசை என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பதவி ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. ஆனால் 1874 வாக்கில் வடக்கு இந்த விஷயத்தில் களைத்துப்போயிருந்தது. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பேசுவதால் வாக்கு குறையுமே தவிர அதிகமாகாது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். மசோதா 1875 மார்ச்சில் சட்டமாயிற்று.

அதற்கு முன், 1868இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவிநீக்கும் விசாரணையில் அரசுத் தரப்பு வாதத்தைத் தொடங்கிவைத்தவர் பட்லர். ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார். ஒரு சாதாரணக் குதிரை வழக்கைப் போலவே இதையும் நடத்தினேன் என்ற தொனியில் பட்லர் பேசியதுண்டு. அந்த அணுகுமுறையே வழக்கைக் கெடுத்தது என்பது என் எண்ணம். செனட்டர்களுக்கு முன்னால் தேவைப்பட்டது குறுக்கு விசாரணை அல்ல. 1871இல் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானை ஒடுக்கும் சட்டத்துக்காக அவர் உழைத்ததில் பலன் அதிகம்.

பல முறை நின்று தோற்ற பிறகு 1883இல் மாசசூசெட்ஸின் ஆளுநரானார். பதவிக்காலம் ஓராண்டுதான். ஆளுநருக்குக் கௌரவப் பட்டம் கொடுப்பது வழக்கமாக இருந்த ஹார்வர்டு பல்கலைக்கழகம் இவருக்குக் கொடுக்க மறுத்தது. டூக்ஸ்பரி ஏழையர் விடுதியில் இறந்தவர்களின் உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போனதை அவர் பொது விசாரணைக்குக் கொண்டுவந்தார். ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சலிவன் சிறுமியாக இருந்த காலத்தில் வாடிய விடுதி அது. பெண்கள் சிறைக்குப் பொறுப்பாளராக, போர்க்களச் செவிலி கிளாரா பார்ட்டனை நியமித்தார். அடுத்த ஆண்டு பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை என்றெல்லாம் பேசும் சிறு கட்சிகளின் சார்பில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். நூற்றுக்கு இரண்டு வாக்குகூடக் கிடைக்கவில்லை. 1893 ஜனவரி 11 அன்று வாஷிங்டனில் இறந்தார். எழுபத்து நான்கு வயதிலும் கைவசம் வழக்குகள் இருந்தன.

அவர் ஆளுநராக இருந்த 1883 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் 1875ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எந்தச் சபதத்துக்காக அவர் நாடாளுமன்றத்தில் நின்றாரோ அந்தச் சட்டம் ஒரு நாளில் காகிதமாயிற்று. விடுதியிலும் ரயிலிலும் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் மறுபடி வர 1964 ஆயிற்று. அதே 1883இல் பட்லர், பாஸ்டனின் சார்ல்ஸ்டவுன் பகுதி நீதிமன்றத்துக்கு ஜார்ஜ் லூயிஸ் ரஃபின் என்பவரை நீதிபதியாக நியமித்தார். சுதந்திரக் கறுப்பினப் பெற்றோருக்கு வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்து, பாஸ்டனில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே சட்டம் படித்து, 1869இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ரஃபின். மாசசூசெட்ஸில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. 1886இல் இறக்கும் வரை ரஃபின் அந்த நீதிமன்றத்தில் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவந்தார்.